கூட்டல் மட்டுமே தெரிந்த மீட்டர்

முன்வீட்டில் உரிமையாளர், பின்கட்டில் வாடகைக் குடும்பம், கிணற்றடியில் மோட்டார் அறை. மூன்றுக்கும் சேர்த்து வாசல் சுவரில் ஒரே இ.பி. மீட்டர். தமிழ்நாட்டின் பழைய தெருக்களில் இப்படி எத்தனையோ வீடுகள் உண்டு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுத்துவிட்டுப் போனதும் வீட்டுக்குள் கேள்வி எழும்: இதில் யார் பங்கு எவ்வளவு? மீட்டருக்கு அது தெரியாது. தன்னைக் கடந்துபோன மின்சாரத்தை அது கூட்டிக்கொண்டே போகும். அது எந்தக் கட்டடத்துக்குள் போனது என்ற செய்தி மீட்டரை எட்டுவதே இல்லை.

ஆனாலும் அந்தக் கூட்டலை எவ்வளவு நுணுக்கமாகச் செய்கிறது என்று பாருங்கள். மின்னணு மீட்டரின் முகப்பில் ஒரு சிவப்புப் புள்ளி மினுக்கும். பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்று அச்சிட்டிருக்கும். பல மீட்டர்களில் அந்த எண் 3200. அப்படியானால் ஒவ்வொரு மினுக்கலும் ஒரு யூனிட்டில் 3200-இல் ஒரு பங்கு. இரண்டு மினுக்கல்களுக்கு இடைப்பட்ட விநாடிகளால் 1125-ஐ வகுத்தால், அந்த நேரத்தில் எத்தனை வாட் ஓடுகிறது என்று தெரிந்துவிடும். 75 வாட் மின்விசிறி மட்டும் சுற்றினால் 15 விநாடிக்கு ஒருமுறை மினுக்கும். 9 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்று மட்டும் எரிந்தால் இரண்டு நிமிடத்துக்கு மேல் காத்திருக்கவேண்டும். 2000 வாட் கீசரைப் போட்டால் விநாடிக்குக் கிட்டத்தட்ட இரண்டுமுறை அடிக்கும்.

அந்தத் துல்லியம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1880-களில் எடிசனின் நிறுவனம் மின்சாரத்தை எடைபோட்டு விற்றது. வாடிக்கையாளர் வீட்டில் ஒரு ஜாடி, அதில் துத்தநாகக் கரைசல், கரைசலுக்குள் இரண்டு துத்தநாகத் தகடுகள். மின்னோட்டத்தின் ஒரு சிறு பங்கு அதன் வழியே போகும்போது ஒரு தகட்டிலிருந்து உலோகம் கரைந்து மற்றொன்றில் படியும். மாதம் ஒருமுறை ஊழியர்கள் தகட்டை எடுத்துப்போய்த் தராசில் வைத்துக் கட்டணம் போட்டார்கள். மாறுதிசை மின்சாரத்துக்கு அந்த வழி உதவாது. 1888-இல் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் ஆலிவர் ஷாலன்பர்கர் ஓர் ஆர்க் விளக்கைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, அதற்குள் தவறி விழுந்த சின்னச் சுருள்வில் ஒன்று தானாகச் சுழல்வதைக் கண்டார். மாறும் காந்தப்புலம் உலோகத்தைத் தள்ளிச் சுழற்றுகிறது என்று புரிந்துகொண்டு, அதையே ஓர் அளவியாக்கினார். அடுத்த ஆண்டு புடாபெஸ்ட்டின் கான்ஸ் தொழிற்சாலையில் ஓட்டோ பிளாதி அதே தத்துவத்தில் மின்னாற்றலையே அளக்கும் மீட்டரைச் செய்தார். நம் வீடுகளில் நெடுங்காலம் சுற்றிக்கொண்டிருந்த அலுமினியத் தட்டு அந்த வம்சத்தில் வந்ததுதான்.

சரி, கூட்டலைப் பிரிப்பது எப்படி? கம்பி பிரிகிற இடத்திலேயே அளப்பதுதான் நேரான வழி. மின்னோட்டம் ஓடும் ஒவ்வொரு கம்பியையும் சுற்றி ஒரு காந்தப்புலம் இருக்கிறது. எர்ஸ்டெட் 1820-இல் அதைக் கண்டார். அந்தப் புலம் மாறிக்கொண்டே இருந்தால் பக்கத்திலுள்ள சுருளில் மின்சாரம் பிறக்கும் என்று 1831-இல் ஃபாரடே காட்டினார். இந்த இரண்டும் போதும். ஒரு வளையத்தில் 2000 சுற்றுக் கம்பியைச் சுற்றி, அந்த வளையத்துக்குள் வீட்டுக் கம்பியை நுழைத்துவிட்டால், கம்பியில் 100 ஆம்பியர் ஓடும்போது சுருளில் அதன் 2000-இல் ஒரு பங்காக 50 மில்லி ஆம்பியர் ஓடும். கம்பியை வெட்டவேண்டாம், உறையைச் சீவவேண்டாம். எலக்ட்ரீஷியன்கள் கையில் வைத்திருக்கும் டாங் டெஸ்டர் இந்த வேலையைத்தான் செய்கிறது. தொடாமலே உள்ளே ஓடுவது தெரிந்துவிடுகிறது என்பதை எத்தனைமுறை நினைத்தாலும் எனக்கு வியப்பு குறைவதில்லை.

ஒன்று கவனிக்கவேண்டும். வளையத்துக்குள் பேஸ் கம்பி மட்டுமே போகவேண்டும். பேஸையும் நியூட்ரலையும் சேர்த்து நுழைத்தால் அளவு பூஜ்யமாகிவிடும். ஒன்றில் போவதும் மற்றொன்றில் திரும்புவதும் ஒரே அளவு என்பதால் இரண்டின் புலங்களும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. இந்தப் பூஜ்யமே வேறோர் இடத்தில் உயிர் காக்கிறது. யாராவது மின்கசிவைத் தொட்டு, போனதில் கொஞ்சம் உடல் வழியே மண்ணுக்குள் இறங்கிவிட்டால், திரும்பி வருவது குறைந்து பூஜ்யம் கலையும். 30 மில்லி ஆம்பியர் வேறுபாட்டுக்கே துண்டித்துவிடும் பாதுகாப்புச் சுவிட்சுக்குள் இருப்பதும் இதே வளையம்தான்.

ஆம்பியர் தெரிந்தால் யூனிட் தெரிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். தெரியாது. 230 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும் மோட்டார் 1150 வாட் எடுப்பதாகக் கணக்குப் போடுவோம். ஆனால் மோட்டாருக்குள் இருக்கும் சுருளால் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குச் சற்றுப் பிந்தியே வருகிறது. இந்தப் பிந்தலைக் காட்டும் திறன் காரணி 0.8 என்றால் உண்மையில் செலவாவது 920 வாட்தான். ஒவ்வோர் அலையிலும் உள்ளே போனதில் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிப் போய்விடும். ஆகவே கம்பி பிரிந்தபின் ஒரு வீட்டுக்கு மட்டும் மாட்டும் துணை மீட்டர், அதாவது சப் மீட்டர், நல்லதாக இருந்தால் மின்னழுத்தம், மின்னோட்டம் இரண்டையும் ஒரே கணத்தில் பார்த்துப் பெருக்குகிறது. 20 மில்லி விநாடியில் முடியும் ஒவ்வோர் அலையையும் பலமுறை மாதிரியெடுத்துப் பெருக்கிக் கூட்டிக்கொண்டே போகிறது.

சப் மீட்டரை எங்கே மாட்டுவது என்பதிலும் ஒரு நியாயம் ஒளிந்திருக்கிறது. பின்கட்டு 50 மீட்டர் தள்ளி இருக்கிறது, 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போகவர 100 மீட்டர். அதன் மின்தடை சுமார் 0.74 ஓம். 10 ஆம்பியர் ஓடினால் கம்பியிலேயே 74 வாட் சூடாகப் போய்விடும். யாருக்கும் காற்று வராமல் ஒரு மின்விசிறி சுற்றியதற்குச் சமம்! ஓட்டம் பாதியானால் இந்த இழப்பு நாலில் ஒன்றாகிவிடும். சப் மீட்டர் பின்கட்டுச் சுவரில் இருந்தால் இந்த இழப்பு அதில் ஏறாது. மெயின் மீட்டரில் ஏறி முன்வீட்டார் தலையில் விழும். கம்பி புறப்படுகிற இடத்தில் இருந்தால் பின்கட்டுக் கணக்கில் சேரும். சப் மீட்டர்களின் கூட்டுத்தொகை மெயின் மீட்டரோடு பொருந்தவில்லை என்றால் எடுத்த எடுப்பில் யாரையும் சந்தேகிக்கவேண்டாம். கம்பி தின்றது எவ்வளவு என்று பாருங்கள். கிளாஸ் 1 மீட்டர் என்றால் நூற்றுக்கு ஒன்று கூடக்குறைய இருக்கவும் அனுமதி உண்டு. பழைய வயரிங்கில் ஒரு வீட்டு நியூட்ரலை இன்னொரு வீட்டோடு முடிச்சுப் போட்டிருப்பார்கள். அப்படி இருந்தால் எந்த சப் மீட்டரையும் நம்பமுடியாது.

ஒரே மீட்டரில் நின்றபடியே பிரித்தறிய முடியாதா என்ற கேள்வி 1980-களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜார்ஜ் ஹார்ட்டுக்கும் அவருடைய சகாக்களுக்கும் எழுந்தது. வாசலில் கேட்கும் செருப்புச் சத்தத்தை வைத்தே வந்தது மகனா மருமகளா என்று பாட்டி சொல்லிவிடுவதில்லையா, அந்த முறைதான் அவர்களுடையது. ஒவ்வொரு சாதனமும் இயங்கத் தொடங்கும்போது மொத்த மின்திறன் ஒரு படி ஏறுகிறது, நிற்கும்போது அதே படி இறங்குகிறது. உண்மைத் திறன் எவ்வளவு ஏறியது, திரும்பிப்போகும் திறன் எவ்வளவு ஏறியது என்ற இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தால் ஃபிரிட்ஜுக்கு ஓர் அடையாளம், ஹீட்டருக்கு வேறோர் அடையாளம் கிடைக்கிறது. 1992-இல் ஹார்ட் வெளியிட்ட கட்டுரையிலிருந்து ஓர் ஆய்வுத்துறையே கிளைத்தது. வாசலில் இருக்கும் ஒரு கருவி, வீட்டுக்குள் எது எப்போது ஓடுகிறது என்று சொல்லிவிடுமானால் வீட்டாரின் அந்தரங்கம் என்னாகும் என்று அவரே 1989-இல் எழுதி எச்சரித்தார். தன் கண்டுபிடிப்பின் ஆபத்தைத் தானே முன்வந்து சொன்னவர் என்பதற்காகவே அவர்மீது எனக்கு மதிப்பு.

நம் பங்கீட்டுக் கேள்விக்கு இந்த வித்தை உதவாது. முன்வீட்டிலும் பின்கட்டிலும் ஒரே மாதிரியான ஃபிரிட்ஜ் இருந்தால், ஓடியது ஃபிரிட்ஜ் என்று அது சொல்லும். யார் வீட்டு ஃபிரிட்ஜ் என்று சொல்லாது. அதற்குக் கம்பி பிரியும் இடத்துக்குத்தான் போகவேண்டும்.

யூனிட்டைப் பிரித்தாயிற்று. ரூபாயைப் பிரிப்பது இன்னும் சிக்கல். தமிழ்நாட்டின் வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. 2022 செப்டம்பர் விகிதங்களை எடுத்துக்கொள்வோம். அதன்பின் விலை உயர்ந்திருக்கிறது. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 101 முதல் 200 வரை 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். மொத்தம் 500-ஐத் தாண்டினால் 2.25 ரூபாய் சலுகை போய், 101-இலிருந்தே 4.50 ஆகிவிடும், 501-ஆவது யூனிட் 8 ரூபாய். 500 யூனிட்டுக்கு 1725 ரூபாய். 501 யூனிட்டுக்கு 1958. அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்.

பின்கட்டார் 100 யூனிட், முன்வீட்டார் 400 யூனிட் செலவழித்தார்கள் என்று வைப்போம். தனித்தனி இணைப்பாக இருந்தால் பின்கட்டாருக்குக் கட்டணமே இல்லை. முன்வீட்டாருக்கு 1125 ரூபாய். ஒரே மீட்டரில் சேர்ந்ததால் 1725 ஆகிறது. யூனிட் விகிதப்படி பங்கிட்டால், காசே கட்டவேண்டாதவர் 345 ரூபாய் கட்டவேண்டும். சப் மீட்டர் துல்லியமாக இருந்தும் பங்கீடு அநியாயமாக முடிகிறது. கூடுதலாக வந்த அந்த 600 ரூபாய் இருவரின் செலவாலும் வந்ததன்று, இரண்டு வீட்டை ஒரே இணைப்பில் வைத்ததால் வந்தது. அதை வீட்டு உரிமையாளர் ஏற்பதே முறை என்பது என் தீர்ப்பு.

வாடகைக்கு விடும் உரிமையாளர்களே, முதலில் தனி இணைப்புக்கு விண்ணப்பியுங்கள். அது கிடைக்கும்வரை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்து, கம்பி பிரியும் இடத்தில், வாடகைக்கு இருப்பவர் கண்ணுக்கும் எட்டும் உயரத்தில் சப் மீட்டர் மாட்டுங்கள். கணக்கெடுக்கும் நாளில் இரண்டு மீட்டர்களின் எண்ணையும் இருவரும் சேர்ந்தே குறித்துக்கொள்ளுங்கள்.