பிளாக்பெர்ரிக் காப்ளர்

அமெரிக்க நாட்டு இல்லங்களில் கோடைக்காலத்தின் பிற்பகுதியிற் செய்யப்படும் பணியாரங்களுள் பிளாக்பெர்ரிக் காப்ளர் என்பது ஒன்று. அது பார்வைக்கு எளிது. செய்வதற்கும் எளிதென்றே அந்நாட்டார் கூறுவர். ஆழமான தட்டொன்றிற் பழத்தைப் பரப்பிச் சர்க்கரை தூவி, மேலே பிசைந்த மாவை இட்டு, அடுப்பில் வைத்து எடுத்தல், அவ்வளவே. ஆயினும் இவ்வெளிய பணியாரத்தைச் செய்யப் புகுந்து, ஒரு குடும்பத்தார் அனைவர் முன்னிலையிலும் யாம் நாணமுற்ற வரலாறு ஒன்று உண்டு. அதனையும், அங்ஙனம் நேர்ந்ததன் காரணத்தையும், பின்னர் யாம் கற்ற முறையையும் இங்கே எழுதப் புகுகின்றோம். சமையற்கட்டின் செய்தி கல்லூரிச் சஞ்சிகைக்கு ஏற்றதோ என ஐயுறும் நேயர் சிறிது பொறுப்பாராக. ரசாயன வகுப்பிற் கேட்ட சில பாடங்கள் எமக்கு அங்கேதான் விளங்கின.

காப்ளர் என்பது ‘பை’ என்னும் மேனாட்டுப் பழப்பணியாரத்தின் இனத்தைச் சேர்ந்தது. பை செய்வதற்கு மாவை மெல்லிய தகடாகத் தேய்த்து, தட்டின் உட்புறம் முழுதும் படியவைத்து, நடுவே பழத்தையிட்டு மற்றொரு தகட்டால் மூடுதல் வேண்டும். பலகையும் உருளையும் கைப்பழக்கமும் இன்றி இது கைகூடாது. மேற்றிசை நோக்கி வண்டிகளிற் சென்று குடியேறிய மக்களுக்கு இவ்வசதிகள் எளிதில் வாய்த்தில. அவர்களிடம் இருந்தது டச்சு ஓவன் எனப்படும் கனத்த இரும்புச் சட்டி. கால்களையுடைய அச்சட்டியைத் தணலின்மீது வைத்து, விளிம்புள்ள மூடியின்மேலும் தணலைப் பரப்பினால், மேலும் கீழும் ஒருங்கே வெப்பம் தாக்கும். இச்செய்தியை நேயர் நினைவில் வைத்தல் வேண்டும், பின்னர்ப் பயன்படும். 1859-ல் வெளிவந்த பார்ட்லெட் என்பாரது அமெரிக்க வழக்குச்சொல் அகராதி, காப்ளரைத் தடித்த மாவு படிந்த பானையிற் சுடப்படும் ஒருவகைப் பை என்றே குறிக்கின்றது. இக்காலத்திலோ பெரும்பாலும் அடிமாவு நீங்கி மேல்மாவு மாத்திரமே நிற்கின்றது. கரண்டி கரண்டியாக இட்ட மாவு உருளைக்கல் பாவிய தெருவை ஒத்திருத்தலின் இப்பெயர் வந்ததென்பர் சிலர். ஸ்லம்ப், கிரண்ட், பக்கிள், பேன்டௌடி என இதற்கு உறவினர் பலர் உளர். அவற்றினிடையே வேறுபாடு யாதென்று அந்நாட்டு மாதர் இருவரை வினவினால் மூன்று விடைகள் கிடைக்கும்.

இனிப் பழத்தைப்பற்றிச் சிறிது. பிளாக்பெர்ரி ரோஜாவின் குடும்பத்தைச் சேர்ந்த முட்கொடி. ஒரு பழமெனத் தோன்றுவது உண்மையிற் பல சிறு பழங்களின் திரள். ஒவ்வொரு மணியினுள்ளும் ஒரு விதை உண்டு. பறிக்கும்போது நடுத்தண்டு பழத்துடனே வந்துவிடும். தண்டு கொடியிலேயே நின்று பழம் உட்குழிந்து வருமாயின் அது ராஸ்பெர்ரி இனம். நம் நீலகிரியிலும் பழநிமலையிலும் புதர்களிற் பழுக்கும் மைசூர் ராஸ்பெர்ரி இவ்விரண்டாம் வகையினது.

யாம் மாணவராய்த் தங்கியிருந்த ஓரிகன் மாநிலத்து வில்லாமெட் பள்ளத்தாக்கு பிளாக்பெர்ரிக்குப் பேர்போனது. 1956-ல் வெளியிடப்பட்ட மேரியன் என்னும் சிறந்த வகை அங்குள்ள மேரியன் கவுண்டியின் பெயரைத் தாங்கியது. ஆனால் வேலியோரங்களில் எல்லாம் யாருடைய அனுமதியுமின்றிப் படர்ந்து கிடப்பது வேறொரு வகை. அதனை அங்குள்ளோர் ஹிமாலயன் பிளாக்பெர்ரி என்பர். கலிபோர்னியாவில் வாழ்ந்த லூதர் பர்பாங்க் என்னும் புகழ்பெற்ற தாவர வல்லுநர், இந்தியாவினின்று வந்த விதை எனக் கருதி, 1885-ல் அதற்கு இமயத்தின் பெயரைச் சூட்டிப் பரப்பினார். அதன் தாயகமோ ஆர்மீனியாவைச் சார்ந்த பகுதி. தாவர நூலாரும் அதனை ரூபஸ் ஆர்மீனியாகஸ் என்றே வழங்குவர். இன்று அரசாங்கத்தார் அதனைக் கேடுவிளைக்கும் களையெனப் பட்டியலிட்டிருக்கின்றனர். இந்தியாவினின்று வந்தவரென்று எம்மை அறிந்த அண்டைவீட்டார், தம் தோட்டத்தை விழுங்கிய அக்கொடிக்காக எம்மிடம் முறையிட்டதுண்டு. கொடி எம் நாட்டதன்று என்று நிறுவுவதற்கு எமக்கு ஒரு மாலைப்பொழுது சென்றது.

நிற்க. யாம் தங்கியிருந்த வீட்டின் தலைவி எண்பது வயது கடந்த மூதாட்டியார். ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில் அவர்தம் மக்களும் பேரர்களும் அங்குக் கூடுவர். அப்போது அவர் தம் கையாற் காப்ளர் சுட்டுப் படைப்பது வழக்கம். அவ்வாண்டு படியில் வழுக்கி வீழ்ந்து அவரது வலக்கை கட்டுண்டிருந்தது. குளிர்காலத்திற்குள் அவ்வீட்டை விற்றுவிட்டு வேறூரில் உள்ள மகளோடு வாழச் செல்வதென்றும் முடிவாகியிருந்தது. ஆதலின் அவ்வீட்டில் நிகழும் இறுதிக் கூட்டம் அதுவே. பழம் பறிக்கும் பணியை முன்பே ஏற்றிருந்த எம்மிடம், சுடும் பணியையும் ஒப்புவித்தார். அளவு கேட்டோம். சர்க்கரை போதுமான அளவு, மாவு பதம் வரும்வரை என்றார். எம் பாட்டியாரும் இவ்வாறே கூறுவராதலின் யாம் வியந்திலேம்.

முதல் நாளே பழத்தைப் பறித்துக் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்தோம். மறுநாள் அதை எடுத்த குளிரோடே தட்டிற் கொட்டி, மேலே மாவைக் கம்பளம்போல் இடைவெளியின்றி விரித்து, சூடேறிய ஓவனுள் வைத்தோம். முப்பத்தைந்து நிமிடங்களில் மேற்புறம் பொன்னிறமாயிற்று. பெருமிதத்தோடு மேசைக்குக் கொண்டுசென்றோம். கரண்டியை உள்ளே இட்டபோது, பொன்னிறத் தோட்டின்கீழ் விரற்கனத்திற்குப் பச்சைமாவுக் களியும், அதன்கீழ்க் கருநீல வெந்நீரும் இருக்கக் கண்டோம். எவரும் நகைத்திலர்; நகைத்திருந்தால் எமக்கு ஆறுதலாய் இருந்திருக்கும். மூதாட்டியார் மாத்திரம் தம் பங்கை முழுதும் உண்டு, பழம் நன்றாயிருக்கின்றது என்றார்.

மறுநாட் காலை எம்மை அடுக்களைக்கு அழைத்து, மாவின் நிறத்தைப் பார்த்தாயே, சாற்றைப் பார்த்தாயா என வினவினார். பிழை முழுவதும் அவ்வினாவில் அடங்கியிருந்தது.

ஓவனின் வெங்காற்று மாவின் மேற்புறத்தையே முதலிற் தாக்கும். அது விரைவில் உலர்ந்து சிவக்கும். அடிப்புறமோ பழத்தின்மேற் கிடக்கின்றது. பழம் குளிர்ந்திருக்கும்வரை அதுவும் குளிர்ந்தேயிருக்கும். சர்க்கரை பட்ட பழம் நீரை விடுகின்றது. அந்நீரைக் கெட்டியாக்குதற்கென்று நாம் சேர்க்கும் சோளமாவு, கொதிநிலையை அணுகினாலன்றி வீங்கிப் பசையாகாது. சர்க்கரை மிகுந்தால் அதற்கு இன்னும் மிகுந்த வெப்பம் வேண்டும். அதுவரை சாறு நீராகவே நின்று மேல்மாவை நனைக்கும். மாவைக் கம்பளமாக விரித்தமையால், எழுந்த ஆவியும் வெளியேற வழியின்றி மாவினடியிலேயே தங்கிற்று. இன்னும் சிறிதுநேரம் வைத்திருக்கலாகாதோ எனின், உள்ளே வேகுமுன் மேலே கருகிவிடும். பழைய இரும்புச் சட்டியில் இத்தொல்லை குறைவு. கீழுள்ள தணல் பழத்தை நேரே கொதிக்கச் செய்துவிடும். சட்டியை விட்டுக் கண்ணாடித் தட்டிற்கும் ஓவனுக்கும் வந்த நாம், கீழ்த்தணலின் வேலையை வேறுவிதமாகச் செய்துகொள்ளுதல் வேண்டும். அஃதாவது, மாவிடுமுன் பழத்தைக் கொதிக்கவிடுதல்.

மூதாட்டியார் சொல்லச்சொல்ல யாம் கிண்ணத்தால் அளந்து குறித்துக்கொண்ட முறை வருமாறு. எண்மருக்குப் போதுமான காப்ளருக்குப் பழம் ஆறு கிண்ணம், ஏறக்குறைய 850 கிராம். நன்கு கறுத்து, தொட்டவுடன் கையில் வீழ்வனவற்றையே கொள்க. சிவந்தவை பறித்தபின் பழுப்பதில்லை. சுடுவதற்குச் சற்றுமுன் அலசி நீரை வடித்து, முக்காற் கிண்ணம் சர்க்கரை, மூன்று மேசைக்கரண்டி சோளமாவு, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சஞ்சாறு, ஒரு சிட்டிகை உப்பு இவற்றோடு நசுங்காமற் கலந்து, இரண்டு லிட்டர் கொள்ளும் ஆழமான தட்டில் இடுக. ஓவன் 375 பாரன்ஹீட் பாகை, அதாவது 190 சென்டிகிரேடு சூட்டில் இருத்தல் வேண்டும். பழத்தை மாத்திரம் உள்ளே வைத்து, ஓரங்களிற் சாறு கொதிக்கும்வரை காத்திருக்க. இருபது நிமிடம் ஆகும். பனியில் உறைந்த பழமாயின் இன்னும் மிகும்.

அவ்விடைநேரத்தில் மேல்மாவைச் சேர்க்கலாம். ஒன்றரைக் கிண்ணம் மைதாவில் மூன்று மேசைக்கரண்டி சர்க்கரை, இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், கால் தேக்கரண்டி சமையற்சோடா, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து, குளிர்ந்த வெண்ணெய் 85 கிராமை விரல்நுனியால் உதிர்த்துப் பட்டாணியளவு துணுக்குகளாகச் செய்க. வெண்ணெய் உருகலாகாது, ஓவனுள் அத்துணுக்குகள் உருகி ஆவி எழும்போதுதான் மாவு அடுக்கடுக்காய்ப் பொருமும். பின்னர் முக்காற் கிண்ணத்திற்குச் சற்றுக் குறைவாகக் கெட்டிமோர் ஊற்றி, ஈரம் படும் அளவே கிளறி நிறுத்துக. சப்பாத்திக்குப் பிசைவதுபோற் பிசைந்தால் கோதுமையின் பசை இறுகி மாவு தோலாகிவிடும். நம்மவர் கை இங்கே தானாகப் பிசையத் தொடங்கும். அதனைத் தடுத்தல் எமக்குப் பெரும்பாடாயிற்று.

சோடாவை மிகுதியாக இட்டால் மாவும் சாறும் கூடுமிடத்தில் நீலச்சாம்பல் நிறம் தோன்றும். பழத்தின் நிறப்பொருளாகிய ஆந்தோசயனின், புளிப்பிற் சிவந்தும் காரத்தில் நீலமாகியும் நிற்பதே காரணம். லிட்மஸ் தாளைக் கண்ட மாணவர் இதைக் கண்டு அஞ்சார், விருந்தினர் அஞ்சுவர்.

பழம் கொதித்தவுடன் தட்டை வெளியிலெடுத்து, மாவைக் கரண்டியால் உருண்டையுருண்டையாக, இடையிடையே சாறு தெரியும்படி இட்டு, மீண்டும் உள்ளே வைக்க. இருபத்தைந்து அல்லது முப்பது நிமிடம் செல்லும். இட்லியை ஈர்க்கு நுழைத்துச் சோதிப்பதுபோல, நடுவேயுள்ள உருண்டையை நுழைத்துப் பார்த்தலும் ஆகும். அவ்வம்மையாரோ செவியால் அறிந்தார். ஓரத்திற் கொதிக்கும் ஓசை போதாது, தட்டின் நடுவிலும் பாகு கொதிப்பதுபோல் மந்தமாகக் குமிழிகள் வெடிக்கும் ஓசை கேட்டல் வேண்டும் என்பது அவர் விதி. நீர்த்த சாறு கொதித்தால் சலசலக்கும். கெட்டிப்பட்ட சாறு கொதித்தால் ஓசை தடித்துவிடும்.

கூடியிருந்தோர் ஞாயிற்றுக்கிழமை மாலை புறப்படுவதாக இருந்தனர். அன்று நண்பகல் யாம் மீண்டும் சுட்டோம். அம்மையார் கட்டுண்ட கையை மடியில் வைத்து ஓவனருகே நாற்காலியில் அமர்ந்திருந்தார். இருமுறை யாம் எடுக்கப் போக, இன்னும் இல்லை எனத் தலையசைத்தார். மூன்றாம் முறை தலையசைத்திலர். எடுத்தபின்னரும் முக்கால் மணிநேரம் சன்னலோரம் வைக்கச் செய்தார். ஆறும்போதுதான் சாறு முழுதும் உறையும். பிள்ளைகள் கதவோரம் வந்து வந்து சென்றனர். பிறகு பாலேட்டுடன் பரிமாறினோம். கரண்டி சென்ற வழியிற் சாறு மெல்ல நகர்ந்து நின்றது. மாவின் அடிப்புறம் வெந்து ஊதாநிறம் ஏறியிருந்தது. அம்மையார் இரண்டாம் முறையும் கிண்ணத்தை நீட்டினார். தட்டின் விளிம்பில் ஒட்டிக் காய்ந்த கருஞ்சாற்றைக் கடைசிப் பேரன் கரண்டியாற் சுரண்டிக்கொண்டிருந்தபோது, வெளியே வண்டிகளில் மூட்டைகளை ஏற்றத் தொடங்கியிருந்தனர்.