மழையில் ஒரு தனிப் பயணம்

"எப்போது பழையபடி நடப்பேன், டாக்டர்?" மறுவாழ்வு மருத்துவப் பிரிவில் பணிபுரியும் நாங்கள் நாள்தோறும் எதிர்கொள்ளும் கேள்வி இது. அறுவை சிகிச்சைக்குப் பின் நடைபழகும் நோயாளர் கேட்பார். அவர் தயங்கினால், அருகில் நிற்கும் மனைவியோ மகனோ கேட்பார். வேகமாக நடந்தால் விரைவில் குணமாகிவிடலாம் என்ற எண்ணம் அக்கேள்விக்குள் மறைந்திருப்பதை நாங்கள் அறிவோம். அதற்கு விடையாக, இம்முறை ஒரு சைக்கிள் பந்தயத்தைப் பற்றிக் கூற விரும்புகிறோம்.

2024 ஜூலை 27 அன்று, பாரிஸ் ஒலிம்பிக்கில் தனிநபர் நேரப் பந்தயம் நடைபெற்றது. இப்பந்தயத்தில் வீரர்கள் ஒன்றாகப் புறப்படுவதில்லை. இடைவெளி விட்டு ஒவ்வொருவராகக் கிளம்புகின்றனர். பிறர் முதுகுக்குப் பின்னால் காற்றுக்கு ஒதுங்க வழியில்லை. கடிகாரம் ஒன்றே போட்டியாளர். அன்று கடக்க வேண்டிய தொலைவு 32.4 கிலோமீட்டர். மழையால் நகரச் சாலைகள் முழுவதும் நனைந்திருந்தன.

நனைந்த சாலையில் டயருக்கும் தரைக்கும் உள்ள பிடிப்பு குறைகிறது. சாலையில் தீட்டிய வெள்ளைக் கோடுகளும் சாக்கடை மூடிகளும் இன்னும் வழுக்கும். நேரப் பந்தய சைக்கிளில் வீரர் முன்கைகளை நீட்டிக் குனிந்து அமர்ந்திருப்பார். பிரேக் பிடிக்க வேண்டுமானால், கைகளை அங்கிருந்து எடுத்துப் பக்கவாட்டுப் பிடிக்கு மாற்ற வேண்டும். நனைந்த உடலில் காற்று மோதும்போது உடல் வெப்பம் விரைந்து வெளியேறும், விரல்கள் மரத்துப்போகலாம். ஆகவே இத்தகைய நாளில் வளைவுகளில் வேகத்தைக் குறைத்து, நேரான சாலையில் வலிமையைச் செலுத்துவதே அறிவுடைமை.

மகளிர் பிரிவில் ஆஸ்திரேலியாவின் கிரேஸ் பிரவுன் தங்கம் வென்றார். முன்பு ஓட்ட வீராங்கனையாக இருந்து, காயங்களால் சைக்கிளுக்கு மாறியவர் அவர். டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடமே கிடைத்தது. அமெரிக்காவின் க்ளோயி டைகர்ட் பாரிஸில் வழுக்கி விழுந்தார். எழுந்து ஓட்டி வெண்கலம் பெற்றார். வெள்ளிப் பதக்கத்தை அவர் இழந்தது ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில். ஒரே ஒரு முறை விழுந்ததன் விலை அது.

ஆயினும் டைகர்ட்டின் கதையில் நாங்கள் வியப்பது வேறொன்று. 2020இல் இத்தாலியின் இமோலாவில் நடந்த உலகப் போட்டியில் அவர் தடுப்பு வேலியைத் தாண்டி விழுந்தார். இடத் தொடையில் ஆழமான வெட்டுக்காயம். அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. மறு ஆண்டு டோக்கியோவில் ஏழாம் இடம். பின்னர் அதே காலில் மீண்டும் அறுவை சிகிச்சை. 2023இல்தான் அவர் நேரப் பந்தயத்தில் மறுபடி உலகச் சாம்பியன் ஆனார். உலகின் மிக வலிய கால்களுள் ஒன்றுக்கே மூன்று ஆண்டுகள் தேவைப்பட்டன. மூன்று வாரங்களில் மாடிப்படி ஏற முடியவில்லையே என்று வருந்துவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

உடனிருந்து பராமரிப்போருக்கும் அன்றைய பந்தயத்தில் ஒரு செய்தி உண்டு. மற்றோர் அமெரிக்க வீராங்கனையான டெய்லர் நிப் பலமுறை விழுந்தார். மாற்று சைக்கிளுடன் அவரை நோக்கி ஓடிவந்த உதவியாளரும் ஈரச் சாலையில் வழுக்கி விழுந்தார். உதவ வருபவரின் காலடியிலும் அதே ஈரம்தான். இரவெல்லாம் கண்விழித்துவிட்டு, மறுநாள் காலையில் நோயாளரைத் தனியாகத் தூக்கி நிறுத்த முயலாதீர்கள். வீட்டில் மற்றவரோடு முறைவைத்து ஓய்வெடுங்கள். மருத்துவமனையில் செவிலியரை அழையுங்கள்.

மழைக்காலம் நெருங்குகையில் உங்களிடம் நாங்கள் வேண்டுவன சில:

படுக்கையிலிருந்து எழும்போது, சில நிமிடங்கள் விளிம்பில் அமர்ந்து, தலைச்சுற்றல் இல்லை என்று உறுதி செய்தபின் நில்லுங்கள்.

குளியலறைத் தரையையும் வாசற்படியையும் ஈரமின்றி வைத்திருங்கள். தேய்ந்த ரப்பர் செருப்பைத் தவிர்த்துவிடுங்கள். ஊன்றுகோலின் அடியிலுள்ள ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள்.

திரும்பும்போது நின்று, சிறு சிறு அடிகளாகத் திரும்புங்கள்.

கீழே விழுந்தால் மறைக்காதீர்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவர் தலையில் அடிபட்டால், வலி இல்லையென்றாலும் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

நாங்கள் வேகத்தைக் குறைக்கச் சொல்வதை, நடக்க வேண்டாம் என்று கூறுவதாக எவரும் பொருள் கொள்ள வேண்டாம். படுத்தே இருந்தால் தசைகள் வலுவிழக்கும். நாள்தோறும் நடக்க வேண்டும். எவ்வளவு என்பதை உங்கள் உடற்பயிற்சி சிகிச்சையாளருடன் பேசி முடிவு செய்யுங்கள். அடுத்த முறை "எப்போது?" என்று நீங்கள் கேட்கும்போது, சென்ற வாரம் எத்தனை அடிகள் நடந்தீர்கள், இவ்வாரம் எத்தனை என்று நாங்கள் கேட்போம். அக்கணக்கை ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி எடுத்து வாருங்கள்.