லண்டன் மாநகரில் ஓர் அமெரிக்கக் குடும்பம்

மொழி தெரியாத ஊரில் வழி கேட்கவும் திண்டாடுவோரைப் பற்றி நாம் படித்திருக்கிறோம். ஆனால் ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட ஓர் அமெரிக்கக் குடும்பம், ஆங்கிலம் பிறந்த நாட்டின் தலைநகரிலே குடியேறினால் அதற்கு என்ன சிரமம் வரப்போகிறது? காலையில் குழாயைத் திறப்பது முதல் இரவில் விளக்கை அணைப்பது வரை அவர்கள் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது என்றால் நம்புவீர்களா, தோழியரே? அவர்களுடைய அன்றாட வாழ்வைச் சற்று அருகில் சென்று காண்போம்.

முதலில் வீட்டிற்குள் நுழைவோம். "முதல் மாடியில் வீடு" என்று தரகர் சொன்னதைக் கேட்டு, படியேற வேண்டியதில்லை என்று அமெரிக்கர் மகிழ்ந்துவிடுவார். அவர் நாட்டில் தெருவோடு ஒட்டிய தளமே முதல் தளம். இங்கிலாந்திலோ அது தரைத்தளம்; அதற்கு மேலுள்ளதுதான் முதல் மாடி. பெட்டி படுக்கைகளைத் தூக்கிக்கொண்டு படியேறும்போதுதான் வேறுபாடு புரியும். நமக்கு இதில் குழப்பமில்லை. ஆங்கிலேயர் விட்டுச் சென்ற வழக்கத்தையே நாமும் கைக்கொண்டிருக்கிறோம் அல்லவா?

மின்சாரமும் வேறு. அமெரிக்க வீடுகளில் 120 வோல்ட், பிரிட்டனில் 230 வோல்ட். ஊரிலிருந்து ஆசையோடு கொண்டுவந்த தலைமயிர் உலர்த்தியை, பிளக்கை மட்டும் மாற்றிச் செருகினால் அது புகைந்து போகும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் பெட்டி ஒன்றை வாங்கி வைத்தாலும் தொல்லை தீராது. அங்கே மின்னோட்டம் நொடிக்கு 60 முறை திசை மாறி மாறிச் சுழல்கிறது. இங்கே 50 முறை. அந்தச் சுழற்சியைக் கொண்டே நேரம் காட்டும் பழைய வகை மின்கடிகாரம் லண்டனில் மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கிவிடும். ஆனால் உயர்ந்த மின்னழுத்தத்தால் ஒரு நன்மையும் உண்டு. பிரிட்டிஷ் கெட்டில் 3,000 வாட் வரை இழுக்கும். அமெரிக்கக் கெட்டில் 1,500 வாட் அளவில் நின்றுவிடும். ஆகவே தேநீருக்கு வெந்நீர் இங்கே ஏறக்குறைய பாதி நேரத்தில் கொதித்துவிடுகிறது. அமெரிக்க வீடுகள் பலவற்றில் மின்கெட்டிலே இராது என்பதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

குளியலறையில் சாதாரண பிளக் செருகும் இடமே இராது. ஈரக்கையால் மின்சாரத்தைத் தொட்டுவிடக் கூடாதே என்ற அச்சந்தான். விளக்குக்குங்கூடக் கூரையிலிருந்து ஒரு கயிறு தொங்கும். அதை இழுத்தால் விளக்கு எரியும். பழைய வீடுகளில் கைகழுவும் தொட்டிக்கு இரு குழாய்கள் இருக்கும். ஒன்றில் கொதிக்கும் நீர், மற்றதில் நடுக்கும் குளிர்நீர். இரண்டும் கலந்து வெதுவெதுப்பாக வரும் ஒற்றைக் குழாய்க்குப் பழகிய அமெரிக்கருக்கு இது பெரும் புதிர். இதற்கும் காரணம் இல்லாமலில்லை. குளிர்நீர் நகரின் குடிநீர்க் குழாயிலிருந்து நேரே வருவது. வெந்நீரோ கூரையடியில் உள்ள தொட்டியில் தங்கி வருவது. அதைக் குடிக்கத் தகுந்ததாகக் கருதவில்லை. நல்ல நீரோடு அது கலந்துவிடக் கூடாதென்றே இரண்டையும் பிரித்து வைத்தார்கள்.

இனித் தெருவுக்கு வருவோம். லண்டனில் தெருவைக் கடக்கும் இடங்களில், "வலப்பக்கம் பார்" என்று தரையிலேயே வெள்ளை எழுத்தில் எழுதியிருப்பார்கள். வண்டிகள் இடப்புறம் செல்லும் நாட்டிற்கு வருவோர் பழக்கத்தால் எதிர்த்திசையைப் பார்த்துக் கால் வைத்துவிடுவார்கள் என்பதால் இந்த எச்சரிக்கை. இது வெறும் வேடிக்கையன்று. 1931 டிசம்பரில் வின்ஸ்டன் சர்ச்சில் நியூயார்க் நகரின் ஐந்தாம் அவென்யூவைக் கடக்கும்போது, இதே பிழையை மறுபக்கமாகச் செய்து காரில் அடிபட்டு மருத்துவமனையில் கிடந்தார். அவருடைய தாயார் புரூக்ளினில் பிறந்த அமெரிக்கப் பெண்மணி என்பதும் நினைவிற்கு வருகிறது. கார் ஓட்டுவதற்கோ இன்னும் பெரிய சோதனை உண்டு. அமெரிக்க உரிமத்தைக் கொண்டு ஓராண்டு வரையே ஓட்டலாம். அதன்பின், முப்பது ஆண்டுகள் ஓட்டிப் பழகியவராயினும், கற்றுக்குட்டிகளுக்குரிய சிவப்பு 'எல்' பலகையை வண்டியில் மாட்டிக்கொண்டு, எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் எழுதித் தேற வேண்டும்!

பேச்சுக்கு வருவோம். நாம் பள்ளியில் கற்கும் லிப்ட், பெட்ரோல், பிஸ்கட், ரப்பர் எல்லாம் பிரிட்டிஷாரின் சொற்கள். அமெரிக்கர் அவற்றை எலிவேட்டர், கேஸ், குக்கி, இரேசர் என்பார்கள். 'சிப்ஸ்' என்று கேட்டால் லண்டன் கடைக்காரர் எண்ணெயில் பொரித்த சூடான உருளைக்கிழங்குத் துண்டுகளைத் தருவார். அமெரிக்கர் கேட்ட மொறுமொறுப்பான வறுவலுக்கு அங்கே 'கிரிஸ்ப்ஸ்' என்று பெயர். 'பேன்ட்' என்றாலோ உள்ளாடை. ஆகையால் அலுவலகத்தில் தம் புதிய பேன்ட்டைப் பற்றிப் பேசுமுன் சற்று யோசிக்க வேண்டும். 'பப்ளிக் ஸ்கூல்' என்பது அமெரிக்காவில் கட்டணமில்லாத அரசுப் பள்ளி. இங்கிலாந்திலோ 1440-இல் தொடங்கிய ஈட்டன் போன்ற, பெருங்கட்டணம் வாங்கும் பழம்பெரும் தனியார் பள்ளி. இவையெல்லாம் ஒரு மாதத்தில் பழகிவிடும். பழகாதது தொனி. "உடம்புக்கு ஒன்றுமில்லையே?" என்னும் பொருள்பட எதிரில் வருவோர் கேட்பது வெறும் வணக்கமே. அமெரிக்கர் திடுக்கிட்டு, தம் முகம் வாடியிருக்கிறதோ என்று கண்ணாடியைப் பார்ப்பார். ஒரு வேலையைப் பார்த்து, 'குவைட் குட்' என்று மேலதிகாரி சொன்னால் அமெரிக்கர் காதில் அது பாராட்டாக விழும். பிரிட்டிஷார் வாயிலோ பெரும்பாலும் 'ஏதோ பரவாயில்லை' என்பதே அதன் பொருள்.

அளவைகளும் இப்படியே. ஒரு பைன்ட் அங்கே 473 மில்லிலிட்டர், இங்கே 568. தேதியை எழுதும்போது அமெரிக்கர் மாதத்தை முதலில் எழுதுவர். அவர்களுடைய சுதந்திர தினமாகிய 7/4 பிரிட்டிஷார் கண்ணுக்கு ஏப்ரல் ஏழாகிவிடும்.

மருத்துவத்தில்தான் உண்மையான மாறுதலை உணர்கிறார்கள். 1948 ஜூலை 5 அன்று, அனூரின் பெவன் என்ற அமைச்சரின் முயற்சியால் தொடங்கிய தேசிய நலப்பணித் திட்டத்தின்கீழ், குடியிருக்கும் பகுதியிலுள்ள டாக்டரிடம் பெயரைப் பதிந்துகொண்டால் போதும். கை முறிந்து மருத்துவமனைக்குப் போனாலும் கட்டணச் சீட்டு வாராது. தம் நாட்டில், வேலை போனால் மருத்துவக் காப்பீடும் போய்விடுமோ என்று அஞ்சி வாழ்ந்தவர்களுக்கு இது நம்ப முடியாத நிம்மதி. ஆனால் முற்றிலும் இலவசம் என்று நாம் எண்ணிவிட வேண்டாம். வெளிநாட்டார் விசா வாங்கும்போதே இதற்கென ஒரு தொகையைக் கட்ட வேண்டும். 2024 பிப்ரவரியில் அது பெரியவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டாகவும், பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு 776 பவுண்டாகவும் உயர்த்தப்பட்டது. தாய், தந்தை, இரு பிள்ளைகள் மூன்றாண்டு விசா கேட்டால் 10,866 பவுண்டை முன்பணமாகவே வைக்க வேண்டும். அவசரமில்லாத அறுவைச் சிகிச்சைக்குப் பல மாதங்கள் காத்திருக்கவும் நேரும். எனினும் நம் கருத்தில், நோயோடு கடனும் சேர்ந்து வராத ஏற்பாடு எதுவாயினும் மேலானதே.

விடுமுறையைப் பற்றி ஒரு சொல். வாரம் ஐந்து நாள் உழைப்பவருக்கு ஆண்டில் 28 நாள் சம்பளத்தோடு விடுப்பு என்பது பிரிட்டனில் சட்டம். அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்தில் அப்படி ஒரு நாள்கூட இல்லை.

இனி, வெளியே தெரியாத சுமை ஒன்றைப் பார்ப்போம். அதுதான் வரி. உலகில் பெரும்பாலான நாடுகள், தம் எல்லைக்குள் வாழ்வோரிடமே வருமான வரி கேட்கின்றன. அமெரிக்காவோ, தன் குடிமக்கள் எங்கே வாழ்ந்தாலும், எங்கே சம்பாதித்தாலும் கணக்குக் கேட்கிறது. இவ்வழக்கம் அங்கே உள்நாட்டுப் போர்க் காலத்தில் வேர்விட்டது. இன்று இதில் அமெரிக்காவுக்குத் துணையாக இருப்பது எரித்திரியா என்னும் சிறு ஆப்பிரிக்க நாடுதான். லண்டனில் சம்பாதிப்பவர் பிரிட்டனுக்கு வரி கட்டியபின், அமெரிக்காவுக்கும் ஆண்டுதோறும் கணக்கு அனுப்ப வேண்டும். இங்கே கட்டியதை அங்கே கழித்துக் கொள்ளலாம் என்பதால் பலருக்கு மேலும் பணம் கட்ட வேண்டி வருவதில்லை; கணக்கெழுதும் வேலை மட்டும் போவதில்லை. அதிலும் ஒரு சிக்கல். அமெரிக்க வரியாண்டு ஜனவரி முதல் தேதி தொடங்குகிறது. பிரிட்டிஷ் வரியாண்டு ஏப்ரல் 6 அன்று தொடங்குகிறது. ஏன் இந்த விசித்திரமான தேதி என்று கேட்பீர்கள். முற்காலத்தில் இங்கிலாந்தில் கணக்காண்டு மார்ச் 25, அதாவது நம் மங்கள வார்த்தைத் திருநாள் அன்று தொடங்கி வந்தது. 1752-இல் நாட்காட்டியைத் திருத்தியபோது பதினொரு நாட்களை நீக்கினார்கள். அரசு வருமானம் குறையாதிருக்க அந்த நாட்களைக் கணக்காண்டின் முடிவில் கூட்டிக்கொண்டார்கள். கபிரியேல் தூதர் மரியன்னைக்கு மங்களம் சொன்ன நாள், வரிக்கணக்கருக்குள் இப்படி ஒளிந்திருக்கிறது!

2010-இல் அமெரிக்கா இயற்றிய சட்டம் ஒன்றின்படி, வெளிநாட்டு வங்கிகள் தம்மிடம் கணக்கு வைத்துள்ள அமெரிக்கர் விவரங்களைத் தெரிவிக்க வேண்டும். தொல்லை வேண்டாமென்று அமெரிக்கரின் கணக்கையே ஏற்காத வங்கிகளும் உண்டு. பிரிட்டனின் பிரதமராயிருந்த போரிஸ் ஜான்சன் 1964-இல் நியூயார்க்கில் பிறந்தவர்; சிறுவயதிலேயே இங்கிலாந்து வந்துவிட்டார். ஆயினும் அமெரிக்கக் குடியுரிமை அவரைத் தொடர்ந்தே வந்தது. தாம் வாழ்ந்த லண்டன் வீட்டை விற்றபோது, பிரிட்டன் கேட்காத வரியை அமெரிக்கா கேட்டது. முதலில் மறுத்துப் பேசியவர், பின்பு செலுத்தித் தீர்த்து, 2016-இல் அந்தக் குடியுரிமையையே விட்டுவிட்டார்.

ஊரை நினைத்து மனம் ஏங்குவது பெரும்பாலும் நவம்பரிலே. கனடாவை ஒட்டிய அமெரிக்க எல்லையைவிட லண்டன் வடக்கே உள்ளது. ஆகையால் டிசம்பரில் மாலை நான்கு மணிக்குள் கதிரவன் மறைந்துவிடுகிறான். பிள்ளைகள் பள்ளியிலிருந்து இருட்டில் வீடு திரும்புகிறார்கள். நவம்பர் நான்காம் வியாழன் அமெரிக்கரின் நன்றியறிதல் நாள். லண்டனிலோ அது மற்றொரு வேலைநாள். வான்கோழி கிறிஸ்துமசுக்கே கடைகளில் மிகுதியாக வருவதால், இறைச்சிக் கடையில் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். அன்று தூய பவுல் பேராலயத்தில் அமெரிக்கருக்கென ஆண்டுதோறும் நன்றி வழிபாடு நடக்கிறது. அப்பேராலயத்தின் பெரிய பீடத்திற்குப் பின்னே ஒரு சிற்றாலயம் உண்டு. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனைத் தளமாகக் கொண்டு போரிட்டு மடிந்த 28,000 அமெரிக்கர் பெயர்களைத் தாங்கிய ஏடு அங்கே இருக்கிறது. 1958-இல் அர்ப்பணிக்கப்பட்ட அந்த ஆலயத்தின் மரச்சுவர்களில் அமெரிக்கப் பறவைகளும் செடிகளும் செதுக்கப்பட்டுள்ளன. இலைகளுக்கிடையே ஒரு சிறு ராக்கெட்டும் ஒளிந்திருக்கிறது. தேடிக் கண்டுபிடிப்பது பிள்ளைகளுக்கு விளையாட்டு.

சிலர் அங்கேயே வேரூன்றி விடுகிறார்கள். வர்ஜீனியாவில் பிறந்த நான்சி ஆஸ்டர் அம்மையார், 1919 டிசம்பர் முதல் நாளன்று பிரிட்டிஷ் மக்களவையில் அமர்ந்தார். அந்த அவையில் இடம் ஏற்ற முதல் பெண் ஓர் அமெரிக்கப் பெண் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அக்காலத்தில் அயல்நாட்டுக் குடியுரிமையை ஏற்றால் பிறந்த நாட்டினதை இழக்க வேண்டும். இன்று இரண்டையும் வைத்துக் கொள்ளலாம். அதற்கு, பிரிட்டிஷ் வாழ்வைப் பற்றிய 24 கேள்விகளில் 18-க்கேனும் சரியான விடை எழுதித் தேறிய பின், மன்னருக்கு விசுவாசமாயிருப்பதாக உறுதி கூற வேண்டும். மன்னர் வேண்டாமென்று 1776-இல் பிரிந்து போனவர்களின் வழித்தோன்றல்கள் அல்லவா இவர்கள்!

தொலைவு ஒன்றுதான் எந்தப் பழக்கத்தாலும் குறையாதது. பெஞ்சமின் பிராங்கிளின் 1757 முதல் 1775 வரை, இடையில் சிறிது காலம் நீங்கலாக, லண்டன் கிரேவன் தெருவில் வாழ்ந்தார். அந்த வீடு இன்று காட்சிக்கூடம். கடல் பயணத்திற்கு அஞ்சிய அவர் மனைவி டெபோரா பிலடெல்பியாவிலேயே இருந்தார். கணவர் அருகில் இல்லாமலே 1774 டிசம்பரில் இறந்தார். செய்தி கடல் கடந்து வந்து சேர்வதற்கே வாரங்கள் ஆயின. இன்று நியூயார்க்கிலிருந்து விமானத்தில் ஏழு மணி நேரந்தான். ஆனாலும் நள்ளிரவில் தொலைபேசி மணி அடித்தால், அங்கே வயதான பெற்றோரை விட்டு வந்தவரின் நெஞ்சு ஒரு கணம் நின்றுதான் துடிக்கிறது. நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் ஐந்து மணி நேர வேறுபாடு. கோடைக்கால நேரத்தை அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறும், பிரிட்டன் மார்ச் கடைசி ஞாயிறும் தொடங்குவதால், இடைப்பட்ட நாட்களில் அது நான்கு மணியாகிவிடும். அவ்வாரங்களில் அம்மாவை அழைப்பவர் கணக்கு மாறி, அவர் ஆலயத்திற்குப் போன நேரத்தில் அழைத்துக் கொண்டிருப்பார்.

அதே மார்ச் மாதத்தை ஒட்டியே பிரிட்டனில் அன்னையர் தினம் வருகிறது. அது தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு; நம் ஆலயங்களில் குருவானவர் ரோஜா நிற உடை அணியும் ஞாயிறு. அமெரிக்காவிலோ 1914 முதல் மே மாத இரண்டாம் ஞாயிறே அன்னையர் தினம். மே மாதம் வரும்போது லண்டன் கடைகளில் அன்னையர் வாழ்த்து அட்டை ஒன்றும் இராது. ஆகவே மார்ச்சிலேயே வாங்கி வைக்க வேண்டும். அட்டைகளிலோ 'மம்' என்று அச்சிட்டிருக்கும். அமெரிக்கப் பெண் தன் தாயை அழைப்பது 'மாம்' என்று. பர்மிங்காம் வட்டாரத்து மக்கள் மட்டும் அமெரிக்கரைப் போலவே 'மாம்' என்கிறார்கள். அச்சொல் அச்சிட்ட அட்டைகள் அங்கே கிடைக்கும். அங்கே தோழி ஒருத்தி இருந்தால் ஒன்று வாங்கி அனுப்பச் சொல்லி, மே மாதம் வரை மேசை இழுப்பறையில் பத்திரமாக வைத்திருக்கலாம்.