தேடுபொறியின் வேலி எங்கே முடிகிறது?

2001ஆம் ஆண்டு ஜூன் மாதம், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 24 வயதுப் பெண் ஒருவர் இறந்துபோனார். அவருக்கு எந்த நோயும் இருக்கவில்லை. ஆஸ்துமா பற்றிய பரிசோதனை ஒன்றுக்குத் தன்னார்வலராக வந்தவர். ஹெக்ஸாமெத்தோனியம் என்ற மருந்தை அவரைச் சுவாசிக்கச் செய்தார்கள். இருமல் தொடங்கியது, நுரையீரல் பழுதடைந்தது, ஒரு மாதத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஹெக்ஸாமெத்தோனியம் 1950களில் ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கப்பட்ட மருந்து. அது நுரையீரலைக் கெடுக்கக்கூடும் என்று அப்போதே மருத்துவ இதழ்களில் எழுதியிருந்தார்கள். ஆய்வாளர் தேடாமல் விட்டுவிடவில்லை. பாடநூல்களைப் பார்த்தார், மருத்துவக் கட்டுரைகளுக்கான தேடுதளமான பப்மெட்டிலும் தேடினார். ஆனால் அன்றைய பப்மெட்டில் அவர் தேடிய பகுதி 1966க்கு முன்னால் போகாது. எச்சரிக்கை அந்த வேலிக்கு அப்பால் கிடந்தது. அவர் இறந்த அடுத்த மாதமே, அரசு நிதியில் அந்தப் பல்கலைக்கழகத்தில் நடந்துவந்த மனிதப் பரிசோதனைகளில் பெரும்பாலானவற்றை அமெரிக்க அரசு நிறுத்திவைத்தது.

‘எந்தத் தேடுபொறி நல்லது?’ என்று கேட்பவர்களுக்கு நான் இந்தச் சம்பவத்தைத்தான் சொல்வேன். நாம் திறந்துவைத்திருக்கும் பெட்டிக்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

லாரி பேஜும் செர்கே பிரினும் 1998இல் கூகுளைத் தொடங்கியபோது அதன் அடிப்படை எளிமையானது. ஒரு பக்கத்துக்கு எத்தனை பக்கங்கள் இணைப்புக் கொடுக்கின்றன, அப்படிக் கொடுப்பவை எவ்வளவு மதிப்புள்ளவை என்று பார்த்து வரிசைப்படுத்தினார்கள். இன்று அந்தக் கணக்கில் இன்னும் எத்தனையோ சேர்ந்துவிட்டன. பஸ் நேரமோ பக்கத்துக் கடையோ தெரிய வேண்டுமென்றால் அதைவிட வசதி வேறில்லை. ஆனால் பலர் நாடும் பக்கமும் சரியான பக்கமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. ஒரு மருந்தின் பக்கவிளைவைத் தேடிப்பாருங்கள். அந்த மருந்தை விற்கும் தளங்களும் வந்து முன்னால் நிற்கும்.

பப்மெட் வேறு மாதிரி வேலை செய்கிறது. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1996இல் தொடங்கிய அதில் இன்று மூன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட கட்டுரைகளின் விவரங்கள் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம். அதன் பலம், 1960 முதல் அந்த நூலகம் பராமரித்துவரும் ‘மெஷ்’ என்ற தலைப்புப் பட்டியல். நீங்கள் ‘ஹார்ட் அட்டாக்’ என்று ஆங்கிலத்தில் தட்டினால், மருத்துவர்கள் எழுதும் ‘மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்’ என்ற தலைப்பின்கீழ் உள்ளவற்றையும் சேர்த்தே கொண்டுவரும். பக்கவாட்டில் உள்ள வடிகட்டிகளில் ‘சிஸ்டமேட்டிக் ரிவ்யூ’வைத் தேர்ந்தெடுங்கள். ஒற்றை ஆய்வை நம்பிப் பதறாமல், பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்ட கட்டுரைகள் மட்டும் கிடைக்கும். சுருக்கத்தைப் படிக்கக் காசு வேண்டாம். முழுக்கட்டுரை சிலசமயம் கட்டணத்துக்குப் பின்னால் இருக்கும். 1940களின் பிற்பகுதியிலிருந்து தொடங்கும் பழைய பதிவுகளும் இப்போது அதில் சேர்ந்துவிட்டன. வேலி தள்ளிப்போயிருக்கிறது. ஆனாலும் வேலி உண்டு.

மஞ்சள் காப்புரிமை வழக்கும் இந்த வேலி பற்றியதுதான். காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கினார்கள். நம் வீடுகளில் தெரிந்த சங்கதி, அமெரிக்கப் பரிசோதகர் தேடக்கூடிய இடத்தில் இல்லை. இந்திய அரசின் அறிவியல் ஆய்வு அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். அதை எதிர்த்தது. பழைய சமஸ்கிருத நூல்களோடு, இந்திய மருத்துவச் சங்கத்தின் இதழில் 1953இல் வந்த கட்டுரையையும் எடுத்து வைத்தது. 1997இல் காப்புரிமை ரத்தானது. 2001இல் இந்தியா பாரம்பரிய அறிவு மின்நூலகத்தைத் தொடங்கியதன் பின்னணி இதுதான். ஆயுர்வேத, யுனானி நூல்களோடு தமிழில் உள்ள சித்த மருத்துவ நூல்களின் மருந்துக் குறிப்புகளும் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ஜப்பானிய மொழிகளில் அங்கே ஏற்றப்பட்டன. காப்புரிமைப் பரிசோதகருக்குப் பழக்கமான வகைப்பாட்டு முறையையொட்டியே அவற்றை அடுக்கினார்கள். தேடுகிறவருக்குப் பழகிய வழியில் தகவலைக் கொண்டுபோய் வைத்தது பெரிய காரியம்.

சொல்லே தேவைப்படாத தேடலும் உண்டு. 1990இல் வெளியான ‘பிளாஸ்ட்’ என்ற நிரலிடம் ஒரு மரபணுவின் எழுத்து வரிசையைக் கொடுத்தால், உலகம் சேர்த்துவைத்திருக்கும் வரிசைகளில் அதன் உறவினர்களைக் காட்டும். 2020 ஜனவரியில் கொரோனா வைரஸின் சுமார் 30,000 எழுத்துகள் வெளியானபோது, இத்தகைய வரிசை ஒப்பீடுதான் அது 2003இன் சார்ஸ் வைரஸோடு ஏறக்குறைய 80 சதவீதமும், வௌவாலில் கண்ட ஒரு வைரஸோடு 96 சதவீதமும் ஒத்திருப்பதைக் காட்டியது.

அன்றாடத்துக்கும் இப்படிச் சில உண்டு. வாட்ஸப்பில் வரும் ‘நேற்றைய வெள்ளப் படம்’ உண்மையில் எப்போதையது என்று பார்க்க, படத்தையே கேள்வியாக ஏற்கும் டின்ஐ (2008). நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு இந்தியன் கானூன். மறைந்துபோன இணையப் பக்கங்களுக்கு வேபேக் மெஷின். ஆனால் பக்கத்தின் முகவரி தெரிந்திருந்தால் நல்லது. ஏ.ஐ. செயலி ஓர் ஆய்வுக்கட்டுரையின் பெயரைச் சொன்னால், கூகுள் ஸ்காலரில் போட்டுப் பாருங்கள். இல்லாத கட்டுரைகளை உண்டாக்கிச் சொல்லும் பழக்கம் அந்தச் செயலிகளுக்கு இருக்கிறது.

தமிழில்தான் இந்த வேலி மிக அருகில் இருக்கிறது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் இலக்கியங்கள் எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்யப்பட்டிருப்பதால், ஒரு வரியைக்கூடத் தேடி எடுக்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்திலும், இலங்கைத் தமிழ் வெளியீடுகளைச் சேகரிக்கும் நூலகம் தளத்திலும் செல்வம் கொட்டிக் கிடக்கிறது. ஆனால் அவற்றில் பெரும்பகுதி பக்கங்களைப் படமெடுத்து வைத்தவை. நூலின் பெயர், ஆசிரியர் பெயர் கொண்டு தேடலாம். உள்ளே 143ஆம் பக்கத்தில் உங்கள் ஊர்ப் பெயர் வருகிறதா என்று பெரும்பாலும் கேட்க முடியாது. தமிழ் எழுத்துணரி நுட்பம் இப்போது நன்றாகவே முன்னேறியிருக்கிறது. இந்தப் படங்களை எழுத்தாக்கித் தேடலுக்குத் திறந்துவிடும் வேலைக்கு அரசும் பல்கலைக்கழகங்களும் உடனே பணம் ஒதுக்க வேண்டும்.

அதுவரை, ஒரு பழைய பத்திரிகைச் செய்தியோ நூலோ இணையத்தில் அகப்படவில்லை என்பதற்காக ‘அப்படி ஒன்று இல்லை’ என்று எழுதிவிடாதீர்கள். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. உங்கள் மாவட்டத்திலும் ஒரு மைய நூலகம் இருக்கும். நேரில் போய் நூலகரைக் கேளுங்கள்.