வெப்பத் தாக்கு: முதலில் குளிர்விக்க வேண்டும்

வெயிலில் வேலை செய்வோருக்குத் தலைவலியும் தலைசுற்றலும் வருவது புதிதல்ல. நிழலில் படுக்க வைத்து, தண்ணீர் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இது வெப்பச் சோர்வு.

ஆனால், கேட்ட கேள்விக்குப் பொருத்தமில்லாமல் பதில் சொல்வது, நாக்குக் குழறுவது, காரணமின்றிக் கோபப்படுவது, தள்ளாடுவது, வலிப்பு, மயக்கம் ஆகியவை மூளை பாதிக்கப்பட்டதைக் காட்டும் அறிகுறிகள். உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியசைத் தாண்டியிருக்கக்கூடும். இதுவே உயிரைப் பறிக்கும் வெப்பத் தாக்கு.

வியர்வை நின்று, தோல் காய்ந்திருந்தால்தான் வெப்பத் தாக்கு என்று நினைப்பது தவறு. கடும் உழைப்பில் ஈடுபடுபவர் வியர்வை சொட்டச் சொட்டவே சாய்ந்துவிடலாம். வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். சிங்கப்பூர், மலேசியா போன்ற ஈரப்பதம் மிகுந்த நாடுகளில் அது எளிதில் ஆவியாவதில்லை.

என்ன செய்ய வேண்டும்?

உடனே சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999 எண்ணை அழைக்க வேண்டும். வாகனம் வரும்வரை கைகட்டி நிற்கக்கூடாது. தலைக்கவசம், காலணி, மேலுடைகளைக் கழற்றி, பெரிய தொட்டியில் பனிக்கட்டி கலந்த நீரில் கழுத்துவரை அமர்த்தலாம். தலை மூழ்காதபடி ஒருவர் பிடித்திருக்க வேண்டும். தொட்டி இல்லையேல் குழாய் நீரை உடல் முழுதும் ஊற்றி, விசிறி, கழுத்து, அக்குள், தொடை இடுக்குகளில் பனிக்கட்டி வைக்கலாம். அரை மணி நேரத்திற்குள் உடலைக் குளிர்விப்பது உயிரைக் காக்கும்.

சுயநினைவு தெளிவாக இல்லாதவருக்கு எதையும் குடிக்கக் கொடுக்கக்கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பாரசிட்டமால் மாத்திரையும் பயன்படாது. இது காய்ச்சல் அல்ல.

வருமுன் காத்தல்

சிங்கப்பூர் மனிதவள அமைச்சு 2023 அக்டோபரில் விதிகளைக் கடுமையாக்கியது. வெப்பம், ஈரப்பதம், காற்று, வெயில் நான்கையும் சேர்த்துக் கணக்கிடும் ஈரக்குமிழ் கோள வெப்பநிலை (WBGT) 32 டிகிரியை எட்டினால், கடும் உடலுழைப்பில் ஈடுபடுவோருக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிட ஓய்வு தர வேண்டும். புதிதாக வந்தவர்களையும் நீண்ட விடுப்பு முடிந்து திரும்புபவர்களையும் படிப்படியாகப் பழக்க வேண்டும்.

இருப்பினும், சோர்வைச் சொன்னால் சம்பளம் குறையுமோ, வேலை போகுமோ என்று வாய் திறக்காதவர்களும் உண்டு. வெப்பத் தாக்கு கண்டவருக்கோ தமது நிலையே புரியாது. எனவே, பக்கத்தில் வேலை செய்பவர்தான் கவனிக்க வேண்டும். பெயர் என்ன, இது எந்த இடம், இன்று என்ன கிழமை என்று அவரது தாய்மொழியில் கேட்டுப் பார்க்கலாம். பதில் தடுமாறினால் ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது.