அளவைக் கோவைகளும் இரட்டை இலக்கணமும்

1. முன்னுரை

கணிப்பொறியின் மையச் செயலகம், தான் நிறைவேற்றும் கட்டளைகள், கழியும் கடிகாரச் சுற்றுகள் முதலிய நிகழ்வுகளை வன்பொருள் எண்ணிகளில் பதிவு செய்கிறது. லினக்ஸ் இயக்க அமைப்பின் 'பெர்ஃப்' என்னும் கருவி இவ்வெண்ணிக்கைகளைக் கொண்டு செயல்திறனை மதிப்பிட உதவுகிறது. நிறைவேறிய கட்டளைகளின் எண்ணிக்கையைச் சுற்றுகளின் எண்ணிக்கையால் வகுத்தால், சுற்றொன்றுக்கு எத்தனை கட்டளைகள் என்னும் அளவை கிடைக்கும். இத்தகைய அளவைகள் ஜேசன் கோப்புகளில் கோவைகளாக எழுதப்பெறுகின்றன. அக்கோவைகள் இருவேறு இலக்கணங்களின்படி இருமுறை பகுக்கப்பெறுவதையும், அதனால் எழக்கூடிய பொருள் மாற்றத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

2. இரு பகுப்புகள்

முதற்பகுப்பு, கருவி உருவாக்கப்பெறும் கட்டத்தில் நிகழ்வது. 2023 முதல் பைத்தான் மொழியில் அமைந்த நிரல் இதனைச் செய்கிறது. அது கோவையைப் பகுத்து, இயன்றவிடத்துச் சுருக்கி, மீண்டும் எழுத்து வடிவாக்கிக் கருவியினுள் பொதிந்து வைக்கிறது. இரண்டாம் பகுப்பு, பயனர் கருவியை இயக்கும்போது, பைசன் என்னும் பகுப்பியாக்கியின் வழி உருவான வேறொரு பகுப்பியால் நிகழ்வது. பிழையுள்ள கோவை முதற்கட்டத்திலேயே தடைப்பட்டால் அதனை எழுதியவரே திருத்த இயலும். இல்லையேல் பிழை பயனரைச் சென்று சேரும். முதற்பகுப்பின் பயன் இதுவே.

3. சொற்பிரிப்பு

நிகழ்வுகளைக் குறிக்கும் பெயர்த்தொடர்களில் - , / ஆகிய குறிகள் வரலாம். அவையே கழித்தல், வகுத்தல் குறிகளுமாம். ஆகவே பெயரினுள் வரும் கழித்தற்குறியின் முன் பின்சாய்கோடு இடுவதும், சாய்கோட்டுக்கு மாற்றாக @ எழுதுவதும் மரபு.

'இஃப்', 'எல்ஸ்' முதலியன இக்கோவைகளின் இடைச்சொற்கள் எனலாம். எழுத்தளவில் இவை பெயர்களை ஒத்தவை. பைத்தான் நிரல் முதலில் இவற்றையும் நிகழ்வுப் பெயர்களாகவே கொண்டு, பின்னர் இடைச்சொற்களை மட்டும் மீட்கிறது. நிபந்தனைத் தொடருக்கு மேலும் ஒரு படி தேவைப்படுகிறது. பைத்தான் நிபந்தனையை உடனே மதிப்பிட்டு ஒரு கிளையைக் கைவிட்டுவிடும். எண்ணிக்கைகளோ இன்னும் கிடைத்தில. எனவே பகுப்பு மரத்திலேயே அத்தொடர், இரு கிளைகளையும் காக்கும் 'தெரிவு' என்னும் கூறாக மாற்றப்பெறுகிறது.

4. பிணைப்பு வலிமை

பைத்தானில் & குறி, < குறியைவிட வலிமையாகப் பிணைக்கும்; பெர்ஃபின் இலக்கணத்தில் இது மறுதலை. பின்வரும் கோவை நோக்கத்தக்கது:

அ & ஆ < இ

பைத்தான் இதனை (அ & ஆ) < இ எனப் பகுக்கும்; பெர்ஃப் அ & (ஆ < இ) எனப் பகுக்கும். அ = 4, ஆ = 1, இ = 2 எனக் கொண்டால், முன்னதன் மதிப்பு 1; பின்னதன் மதிப்பு 0. இரண்டும் இலக்கண வழுவற்ற மரங்களாதலின் எப்பகுப்பியும் பிழை சுட்டாது. பிறழ்ந்த எண்ணே அளவையாகப் பயனர்முன் நிற்கும்.

5. முடிவுரை

முதற்பகுப்பு வடிவப் பிழைகளைத் தடுக்கும். ஆனால் எழுதியவர் கருதிய பொருளுக்கு அது உறுதி தாராது. ஐயத்துக்கிடமான கோவைகளில் அடைப்புக்குறி இடுதலே தக்க வழி. மொழிபெயர்ப்பிலும் இந்நிலை உண்டு. மூலத்தைத் தம் மொழியின் தொடரமைப்பால் பிரித்துணர்ந்தவர், வழுவற்ற தொடரையே எழுதுவார். அது மூலத்தின் பொருளன்று என்பது, மூலத்தை அறியாத வாசகருக்குத் தோன்றவே தோன்றாது.