தொலைக்காட்சிப் பெட்டியும் கம்பியில்லா இணையமும்

ஸ்மார்ட் தொலைக்காட்சியில் படம் பாதியில் நின்று, திரையில் ஒரு வட்டம் மட்டும் சுழன்றுகொண்டிருந்தால், பெட்டி பழுதாகிவிட்டதென்று முடிவு கட்டுவோர் பலர். ஆயின், குறை பெட்டியில் அன்றி, இணையம் வந்துசேரும் வழியிலும் இருக்கலாம். அவ்வழி இரு பகுதிகளை உடையது. ரௌட்டர் வரை கம்பி, அதற்கப்பால் வானலை. தடை எங்குள்ளது என்பதை அறிந்த பின்னரே பரிகாரம் தேட வேண்டும்.

இதற்குக் கைப்பேசியே போதும். அதன் மொபைல் டேட்டாவை நிறுத்தி, வைஃபையில் ஒரு படத்தை ஓடவிடுக. ரௌட்டரின் அருகிலேயே ஓடவில்லையெனில், ரௌட்டரை அரை நிமிடம் அணைத்துவிட்டு மீண்டும் இயக்குக. அதற்கும் சரியாகாவிடில், இணைப்பு வழங்கியவரிடம் முறையிடுவதே வழி.

ரௌட்டரருகே ஓடி, பெட்டியருகே தயங்கினால், வானலையில் தடை உள்ளது எனலாம். 5 கிகாஹெர்ட்ஸ் அலை விரைவானது. எனினும் சுவர்களைக் கடக்கையில் வலுவிழக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை அதனினும் தொலைவு செல்லும். ஆனால் அண்டை வீட்டு ரௌட்டர்களும், ப்ளூடூத்தும், மைக்ரோவேவ் அடுப்பும் அங்கே நெருக்குகின்றன. ஆகவே, ஒன்று தவறினால் மற்றொன்றுக்கு மாற்றிப் பார்க்கலாம். ரௌட்டரை இரும்பு அலமாரிக்குள் அடைக்காது, திறந்த இடத்தில் உயரமாக வைத்தல் நன்று.

இரண்டிடத்தும் கைப்பேசியில் படம் தடையின்றி ஓடினால்தான் பெட்டியை ஐயுற வேண்டும். முதலில் அதன் தேதியையும் நேரத்தையும் நோக்குக. அவை பிழையாயின், பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தோன்றி, இணைப்பு மறுக்கப்படும். பின்னர், பழைய வைஃபை பதிவை நீக்கிக் கடவுச்சொல்லைப் புதிதாக இடலாம். பெட்டியை முற்றிலும் தொடக்க நிலைக்கு மீட்பது கடைசி முயற்சியாகவே இருக்கட்டும். அதனால் செயலிகளும் கணக்குகளும் அழிந்துபோகும்.